உப்புத் தண்ணி என்று சொன்னவன்

எங்கள் ஊத்துமேட்டில் தண்ணி என்றால் இரண்டே வகை. குடிக்கிறது நல்ல தண்ணி. பாத்தியில் பாய்ச்சுகிறது உப்புத் தண்ணி. இதில் ஒருத்தனுக்கு என்ன குழப்பம் வந்துவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நாற்பத்து மூன்று வயது வரைக்கும் நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ராஜாங்கம். பத்தொன்பது வருஷம் மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தவன். அதில் கடைசி எட்டு வருஷம் பாத்தி பாத்தியாகப் போய்த் தண்ணியின் டிகிரி பார்க்கிற வேலை. கடல் தண்ணி மூன்று டிகிரி. வெயிலில் காய்ந்து காய்ந்து இருபத்தைந்துக்கு வந்தால் உப்பு விழ ஆரம்பிக்கும். கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு ஒரு சொட்டு நாக்கில் பட்டால் போதும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு, அதன் பலனைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ரோட்டுக்குக் கிழக்கே, கடலைப் பார்த்தாற்போல் குதூகலம் ரிசார்ட் வந்தது. பெரிய ராட்டினம், குட்டி ரயில், பேய் வீடு, தங்குவதற்கு நாற்பது ரூம். நாங்கள் அதைப் பார்க்கு என்போம். மோட்டார் போட்டு நிறுத்த ஆள் வேண்டும் என்றார்கள். உப்பில் நின்று நின்று என் காலெல்லாம் வெடித்துக் கிடந்தது. போய்ச் சேர்ந்துவிட்டேன். காக்கிச் சட்டையும் செருப்பும் போட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. என் பெண்சாதி வேலம்மாள் மட்டும் அளத்து வேலையை விடவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே ஆளை நம்பிப் பிழைக்கக் கூடாது என்பாள். அவள் பேச்சை நான் கேட்கிறவன் இல்லை, ஆனால் அவள் சொல்வது நடக்கும்.

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை கடல் ஏறி வந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, சொல்ல வேண்டியவர்கள் வேறே இருக்கிறார்கள். எங்கள் ஊர் ரோட்டுக்கு மேற்கே, மணல்மேட்டின் மேல். தண்ணி எங்கள் வீடு வரைக்கும் வரவில்லை. ஆனால் ரோட்டுக்குக் கிழக்கே இருந்த கிணறு அத்தனையும் உப்பாகிவிட்டது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த மேல்நிலைத் தொட்டி ஒன்று எங்களுக்கு இருந்தது, அதற்குப் போட்ட போர் கடல் வருவதற்கு முன்பே கெட்டுப்போய் இப்போது தொட்டி மேல் காக்கா உட்காருகிறது. கடைசியில் அறுபது வீட்டுக்கும் மணல்மேட்டு உறைக் கிணறு ஒன்றுதான் மிஞ்சியது. அதன் தண்ணி ஒன்றும் இளநீர் இல்லை. லேசாகக் கரிப்பாக இருக்கும். எங்களுக்கு அதுதான் நல்ல தண்ணி.

பார்க்குக்கு அதற்குப் பிறகு ஆள் வரத்து நின்றுபோனது. முன்பெல்லாம் கடல் தெரிகிற ரூம்தான் வேண்டும் என்று சண்டை போடுவார்கள். இப்போது வருகிற ஒன்றிரண்டு பேரும் கடல் தெரியாத ரூமாகக் கேட்டார்கள். மேனேஜர் பக்தவச்சலம் சார் வாடிப்போய்விட்டார். சென்னை நங்கநல்லூர்க்காரர், தங்கமான மனுஷன். இதை நக்கலாகச் சொல்லவில்லை. எங்களை வாங்க போங்க என்றுதான் பேசுவார், ஆள் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்தபோது ஒருத்தரையும் நிறுத்தவில்லை. அதற்குப் பதிலாக அவர் யோசித்த யோசனைதான் வாட்டர் பார்க்.

2005 ஜூனில் பார்க்கு முதலாளி வந்து உட்கார்ந்தார். போடலாமா, வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்கப் பேச்சு. கணக்குப் பார்க்கிறவர் வேண்டாம் என்றார். தண்ணியைக் கண்டு பயந்து ஓடுகிற ஜனத்துக்குத் தண்ணியையே காட்டினால் வருவார்களா என்பது அவர் கட்சி. பக்தவச்சலம் சார் விடவில்லை. ஜனத்துக்குப் பயம் கடல் மேலேதானே தவிரத் தண்ணி மேலே இல்லை, நாமே ஒரு கடல் கட்டுவோம், சுவிட்சை அழுத்தினால் அலை வரும், அழுத்தினால் நிற்கும், பிள்ளைகளை நம்பி இறக்கிவிடுவார்கள் என்றார். முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம்தான் தண்ணி விஷயம் வந்தது, என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

ஏசி ரூமுக்குள் நான் போனது அன்றைக்குத்தான். முதலாளி என்னைப் பார்த்து, ஊரில் பிரச்சனை வருமா என்று கேட்டார். நல்ல தண்ணியில் கை வைத்தால் வரும் என்றேன்.

“அத யாருங்க தொடப்போறா? முழுக்க உப்புத் தண்ணிதான் ராஜாங்கம். ஒரு சொட்டு நல்ல தண்ணி எடுக்க மாட்டோம். நீங்களே ஊர்ல சொல்லலாம்” என்றார் பக்தவச்சலம் சார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடல் மாதிரிக் குளம் கட்டுகிறார்கள், அதில் கடல் தண்ணியையே விடுகிறார்கள், பொருத்தமாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அளத்துக்கு வருகிற ஓடையிலிருந்து எந்த இடத்தில் வாய்க்கால் வெட்டினால் வாட்டமாக இருக்கும் என்று வீட்டுக்கு நடக்கும்போதே மனசுக்குள் அளந்து பார்த்தேன். ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, எங்கிருந்து எடுப்பீர்கள் சார் என்று கேட்கத் தோன்றவில்லை. உப்புத் தண்ணி எங்கிருந்து வரும் என்று உப்பளத்துக்காரன் கேட்பானா?

வேலம்மாளிடம் சொன்னேன். குளிக்க வருகிறவர்கள் கண்ணில் உப்பு பட்டால் எரியாதா என்று கேட்டாள். கடலில் குளித்தால் எரியவில்லையா என்று அவள் வாயை அடைத்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபை. பள்ளிக்கூட வளாகத்தில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் தலைவர் பார்க்கு விஷயத்தை எடுத்தார். வாட்டர் பார்க் கட்ட ஆட்சேபணை இல்லை என்று சபை தீர்மானம் போட வேண்டும். பன்னிரண்டு பெண்களுக்கு வேலை உண்டு என்றார். கூட்டத்தில் பாதி அப்போதே கை தூக்கத் தயாராகிவிட்டது. எழுந்து நின்று கேள்வி கேட்டது ஆரோக்கியசெல்வி ஒருத்திதான். மகளிர் குழுத் தலைவி, வேலம்மாளோடு உப்பு வாருகிறவள். யாருக்கும் பயப்படாத பொம்பளை. எந்தத் தண்ணி எடுப்பீர்கள் என்று மேனேஜரை நேராகக் கேட்டாள். உப்புத் தண்ணி என்றார் அவர். அவள் அவரை நம்பவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ராஜாங்கண்ணா, நீ அங்கதான வேல செய்ற. நீ சொல்லு. நீ சொன்னா நாங்க கை தூக்குறோம்.”

நூற்றைம்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“உப்புத் தண்ணிதாம்மா. நம்ம கெணத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் சொல்றேன்” என்றேன்.

செல்வி கை தூக்கினாள். அவள் தூக்கியதும் மற்றவர்களும் தூக்கினார்கள். ஊத்துமேடு எல்லைக்குள் உப்பு நீர் மட்டும் எடுத்துக்கொள்ள மேற்படி நிறுவனத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதி, கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது. கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில் அடித்த மழையில் கிணறு கையால் மொள்ளுகிற அளவுக்கு ஏறி நின்றது. பார்க்கில் வேலை மும்முரமாக நடந்தது. நீலம், மஞ்சள், சிவப்பு என்று பெரிய பெரிய குழாய்கள் லாரியில் வந்து இறங்கின. நான் வாய்க்கால் வெட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஜனவரியில் போர் போடுகிற வண்டிதான் வந்தது. ரோட்டோரம், எங்கள் மணல்மேட்டுக்கு நேர் எதிரே, மூன்று இடத்தில் துளை போட்டார்கள். முதல் துளையில் தண்ணி பீறிட்டபோது நான் போய்க் கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தேன். லேசாகக் கரிப்பாக இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணி.

பக்தவச்சலம் சாரிடம் ஓடினேன். நல்ல தண்ணியை எடுக்கிறார்களே சார் என்றேன். அவருக்கு நான் சொல்வது விளங்கவில்லை. பரிசோதனைச் சீட்டை எடுத்துக் காட்டினார்.

“எங்க நல்ல தண்ணி? இது உப்புத் தண்ணிங்க. எங்க நங்கநல்லூர் வீட்ல ரெண்டு பைப் இருக்கு. ஒண்ணுல கவர்மெண்ட் தண்ணி வரும், அது நல்ல தண்ணி. இன்னொண்ணு போர். அது உப்புத் தண்ணி, குளிக்க, துணி துவைக்க. சென்னையில யாரக் கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவாங்க.”

“சார், நாங்க குடிக்கிறதே இதத்தான்.”

அவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இதையா குடிக்கிறீங்க?” என்றார். அந்த மனுஷன் முகத்தில் உண்மையாகவே இரக்கம் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை கத்தியிருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊர்ப் பேச்சை அவர் பேசினார், என் ஊர்ப் பேச்சை நான் கேட்டுக்கொண்டேன். நடுவில் தீர்மானம் மட்டும் எழுதியாகிவிட்டது.

இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். நூற்றுக்கு நாற்பது பங்கு வேலை முடிந்துவிட்டது, பேங்க்கில் கடன் வாங்கியிருக்கிறார்கள், இனிமேல் நான் சொல்லி யார் கேட்பார்கள் என்றார். மழை நன்றாகப் பெய்திருக்கிறது, அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தைரியமும் சொன்னார்.

நான் செய்த பாவம் இதற்குப் பிறகுதான். ஊருக்குப் போய்ச் சொல்லவில்லை. வேலம்மாளுக்குக்கூடச் சொல்லவில்லை. கிணறு நிறையத் தண்ணி கிடக்கிறது, ஒருவேளை ஒன்றும் ஆகாமலே போய்விடலாம், வீணாக நம் வாயால் எதற்கு என்று தினமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அது இல்லை. நாக்கில் டிகிரி பார்க்கிறவன் ஏமாந்தான் என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். ஒரு மனுஷனின் வெட்கத்துக்கு விலையாக அறுபது வீடு தண்ணி கொடுக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் பதினாலு, சித்திரை ஒன்று, வாட்டர் பார்க் திறந்தார்கள். மூன்று போருக்கும் மோட்டார் சுவிட்ச் என் கையில். காலை ஆறு மணிக்குப் போட்டால் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் நிறுத்துவது, அப்புறம் இன்னொரு ஷிப்ட். பஸ் பஸ்ஸாக ஜனம் வந்தது. பக்தவச்சலம் சார் சொன்னது பலித்துவிட்டது. அலைக் குளத்தில் சைரன் ஊதியதும் நூறு பேர் ஒரே குரலில் கூச்சல் போடுவார்கள், அது எங்கள் தெருவரைக்கும் கேட்கும். ஊத்துமேட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேரும் நீலப் புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலை வேலம்மாள் அடுப்படியிலிருந்து டம்ளரோடு வந்தாள். டீ திரிந்திருந்தது. பால் கெட்டுப்போயிருக்கும் என்றேன். பால் இப்போதுதான் கறந்து வந்தது என்றாள். அன்று மத்தியானம் பருப்பு வேகவில்லை. மறுநாளும் வேகவில்லை. மூன்றாம் நாள் ஒரு செம்புத் தண்ணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“குடிச்சிப் பாத்து சொல்லு” என்றாள்.

நான் குடிக்கவில்லை. மணல்மேட்டில் மழைத் தண்ணி மேலே நிற்கும், கடல் தண்ணி கீழே நிற்கும், மேலே இருப்பதை உறிஞ்சினால் கீழே இருப்பது ஏறும். இதைத் தெரிந்துகொள்ள நாக்கு வேண்டியதில்லை. ஜனவரியிலேயே தெரியும் என்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நங்கநல்லூர்க் குழாய் இரண்டையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டு முடித்துவிட்டு, செல்வியிடம் நீயே போய்ச் சொல், நான் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

ஆரோக்கியசெல்வி வீட்டு வாசலில் அவள் பெண் சந்தியா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவம், ஏழாம் மாதம், அம்மா வீட்டுக்கு அழைத்து வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு காலும் வீங்கிக் கிடந்தன. பிரஷர் ஏறியிருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். சாப்பாட்டில் உப்பே போடுவதில்லை, ஆனாலும் வீக்கம் வடியவில்லை என்று செல்வி என்னிடமே வருத்தப்பட்டுக்கொண்டாள். நான் வந்த காரியத்தை எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சொல்லி முடித்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ சொன்னன்னுதாண்ணா நான் கை தூக்கினேன்” என்றாள்.

அதற்குப் பிறகு நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். மோட்டாரை அரை மணி தாமதமாகப் போட்டு, அரை மணி முன்னதாக நிறுத்தினேன். நாலாம் நாள் அலைக் குளத்தில் தண்ணி மட்டம் இறங்கி, அலை வராமல் போய், திண்டிவனத்திலிருந்து வந்த கல்யாணக் கூட்டம் ஒன்று சத்தம் போட்டுவிட்டது. பக்தவச்சலம் சார் என்னைத் திட்டவில்லை. இனிமேல் நேரம் குறித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். பார்க்கில் சுத்தம் பண்ணிய தண்ணி உண்டு, சந்தியாவுக்கென்று தினம் ஒரு கேன் எடுத்துப்போக அவரே அனுமதி கொடுத்தார். ஒரு வாரம் கொண்டுபோனேன். மற்ற ஆட்களும் கேட்க ஆரம்பித்ததும் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டுக்கு என்றால் சரி, அறுபது வீட்டுக்கு எங்கே போவது என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. நான் போய் நின்ற இடத்தில் எல்லாம் யாராவது ஒருத்தர் நியாயமாகத்தான் பேசினார்கள்.

வேலையை விட்டுவிடலாமா என்று வேலம்மாளைக் கேட்டேன். விட்டால் மோட்டார் நின்றுவிடுமா என்று அவள் கேட்டாள். எங்கள் தெருக் கன்னியப்பன் மகன் அந்த வேலைக்கு மூன்று மாதமாகச் சொல்லிவைத்திருக்கிறான்.

ஊரிலும் ஒரே பேச்சு இல்லை. பார்க்கை மூட வேண்டும் என்று செல்வி தெருத் தெருவாகப் போனாள். நீலப் புடவைக்காரப் பெண்கள் கதவைத் திறந்தார்கள், தண்ணி கஷ்டம் உண்மைதான் என்றார்கள், கையெழுத்து மட்டும் போடவில்லை. கடைசியில் பார்க்கை மூடு என்ற வரியை அடித்துவிட்டு, எங்கள் கிணற்றை வந்து பாருங்கள் என்று மட்டும் மனு எழுதினார்கள். அதில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தத் தடவை என்னைக் கடைசியில்தான் போடச் சொன்னாள் செல்வி.

ஜூலை முதல் வாரம் மனுவை விசாரிக்கத் தண்ணி இலாகா அதிகாரி ஒருத்தர் ஜீப்பில் வந்தார். நடுவயசுக்காரர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கிணற்றங்கரையில் ஊரே கூடி நின்றது. சந்தியாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அதிகாரி ஒரு பெட்டியைத் திறந்து, தண்ணியை மொண்டு, மெஷினை விட்டுப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பிறகு தீர்மானத்தின் நகலை வாங்கிப் படித்தார்.

அவர் சொன்னதை நான் என் பேச்சில் சொல்கிறேன். கிணற்றுத் தண்ணி இரண்டும் கெட்டானாக நிற்கிறது. வேறு தண்ணி இல்லாத இடத்தில் இதைக் குடிநீர் என்றும் எழுதலாம், உப்பு நீர் என்றும் எழுதலாம். இந்த ரெண்டில் எது என்பதற்கு ஊரார் வாக்குமூலம் வேண்டும். குடிநீர்க் கிணறு என்று ஊர் சொன்னால், பக்கத்தில் போர் ஓடக் கூடாது என்று மேலே எழுதுவார். அது போய், பார்க்குக்காரர்கள் வக்கீல் வைத்து, திரும்பி வர ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். ஆனால் குடிக்கிற தண்ணி இருக்கிற ஊருக்கு லாரி அனுப்ப முடியாது. உப்புக் கிணறு என்று சொன்னால் நாளையிலிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி லாரி வரும். ஆனால் குடிநீர்ப் பட்டியலிலிருந்து இந்தக் கிணறு போய்விடும், போரைப் பற்றி எழுத அவருக்கு ஒன்றும் இருக்காது. உப்பு நீர் எடுக்கலாம் என்று நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோமே.

“எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதாங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அத எழுதிட்டுப் போறேன். இது என்ன தண்ணி?” என்றார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைரன் ஊதியது, கூச்சல் கேட்டது, அடங்கியது. எல்லோரும் செல்வியைப் பார்த்தார்கள். தெருத் தெருவாக அலைந்து மனு எழுதியவள் அவள்தான். நல்ல தண்ணி, எங்கள் கிணறு, விடமாட்டோம் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்தாள். சுவரைப் பிடித்து நிற்கிற பெண்ணைப் பார்த்தாள், அவள் காலைப் பார்த்தாள். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று அதிகாரி சொன்னதைத்தான் கணக்குப் போட்டிருப்பாள். எவருக்கும் பயப்படாதவள் என்று சொன்னேனே, அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

“நீயே சொல்லிடுண்ணா” என்றாள். “என்னால முடியல.”

அவளுக்கு என் மேல் நம்பிக்கை வந்து கேட்கவில்லை. யார் வாயாலாவது அது வர வேண்டும், ஏற்கெனவே கெட்டுப்போன வாய் என்னுடையதுதான். நான் சந்தியாவைப் பார்த்தேன், கிணற்றைப் பார்த்தேன். பார்த்து என்ன, அங்கே தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை.

“உப்புத் தண்ணிதாங்க” என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பெயர் கேட்டார். ராஜாங்கம் என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். லாரி வருகிற இடத்தைச் சுத்தம் பண்ணி வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். கூட்டத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருத்தி, லாரி எத்தனை மணிக்கு வரும் என்று என்னிடம் கேட்டாள். செல்வி பெண்ணைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் எனக்கு இரண்டு மணி ஷிப்ட். நேரம் ஆகிக்கொண்டிருந்தது, நான் கிணற்றங்கரையிலேயே நின்றேன்.

எல்லோரும் கலைந்த பிறகு வேலம்மாள் கிணற்றங்கரைக்கு வந்தாள். கிணற்று ராட்டினத்திலிருந்து கயிற்றை இழுத்து, வாளி முடிச்சை அவிழ்த்து, கயிற்றை முழங்கையில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டாள். ஊர்ப் பொதுக் கயிறு. கேட்க வேறு யாரும் அங்கே இல்லை. நான்தான் எதற்கு என்று கேட்டேன்.

“துணி காயப்போட ஆவும்” என்றாள்.